ஹைப்ரிட் கார்: மைலேஜ் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது?

எந்த விசேஷத்துக்குப் போனாலும், சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில் யாராவது ஒருவர் பிடித்துக்கொள்கிறார். "நீ ஹைப்ரிட்தானே வச்சிருக்க? என்ன கொடுக்குது?" பதில் சொல்ல ஆரம்பித்தால் பந்தியில் அடுத்த வரிசை உட்கார்ந்து எழுந்துவிடும். அதனால் வந்த கேள்விகளையெல்லாம் சேர்த்து இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. சில வருடங்களாக ஹைப்ரிட் ஓட்டுகிறவன், அதைவிட அதிகமாக அதைப் பற்றித் துருவித் துருவிப் படிக்கிறவன், அவ்வளவுதான்.

இது பெட்ரோல் காரா, கரண்ட் காரா? ராத்திரி சார்ஜ் போட வேண்டுமா?

பெட்ரோல் கார்தான். சார்ஜ் போட வயரும் கிடையாது, அதைச் செருக இடமும் கிடையாது. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் இருக்கின்றன. ஆனால் அந்தப் பேட்டரியில் ஏறுகிற கரண்ட் முழுவதும் ஏதோ ஒரு நேரத்தில் உங்கள் டேங்கில் பெட்ரோலாக இருந்ததுதான். ப்ளக் போட்டுச் சார்ஜ் ஏற்றுகிற 'ப்ளக்-இன் ஹைப்ரிட்' தனி இனம். நம் ஊரில் அது பெரும்பாலும் விலை உயர்ந்த சொகுசுக் கார்களில்தான் வருகிறது என்பதால் இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

பெட்ரோலைக் கரண்டாக்கி, அந்தக் கரண்டைத் திரும்ப ஓட்டமாக்கினால் நஷ்டம்தானே வரும்? மைலேஜ் எப்படிக் கூடும்?

இதைக் கேட்டவர் என் பெரியப்பா. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கு வந்ததிலேயே உருப்படியான கேள்வி இதுதான். கரண்டாக மாற்றும்போதும் நஷ்டம், திரும்ப மாற்றும்போதும் நஷ்டம். அவர் சொன்னது உண்மை. ஆனால் சாதாரண பெட்ரோல் கார் அதைவிடப் பெரிய நஷ்டத்தைத் தினமும் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

அவருக்குப் பழகிய யூனிட்டிலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் சக்தி இருக்கிறது. 1,300 கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அந்த ஓட்டத்தில் அடங்கியிருக்கும் சக்தி 0.05 யூனிட். சின்ன எண்தான். ஆனால் பெட்ரோலில் இருக்கும் சக்தியில் கால் பங்குதான் எஞ்சின் வழியாகச் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது என்று வைத்தால், அந்த வேகத்தை எட்ட மட்டும் 20 மில்லிக்கு மேல் பெட்ரோல் எரிந்திருக்க வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்றால் இரண்டு ரூபாய். அடுத்த சிக்னலில் பிரேக்கை மிதிக்கிறீர்கள். அந்த இரண்டு ரூபாய் பிரேக் டிஸ்க்கில் சூடாகிக் காற்றில் போய்விடுகிறது. தாம்பரத்திலிருந்து கிண்டி வரைக்கும் எத்தனை தடவை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ஹைப்ரிட் அந்த இடத்தில்தான் கை வைக்கிறது. பிரேக்கை லேசாக மிதித்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வண்டியின் ஓட்டத்தைக் கரண்டாக்கிப் பேட்டரியில் போடுகிறது. முழுவதும் திரும்ப வராது. பாதி, அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். அதாவது அந்த இரண்டு ரூபாயில் ஒரு ரூபாய் பையிலேயே நிற்கிறது.

அப்புறம் எஞ்சின் சங்கதி. நிற்கும்போது சும்மா ஓடுகிற எஞ்சின் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். ஊர்ந்து போகும்போது இன்னும் மோசம். பெட்ரோல் எஞ்சின் நடுத்தரச் சுமையில் நன்றாக வேலை செய்யும். கொஞ்சமாக வேலை கொடுத்தால் சோம்பேறியாகிவிடும், சாப்பாடு மட்டும் குறையாது. ஹைப்ரிட்டில் ஊர்கிற வேலையை மோட்டாருக்குக் கொடுத்துவிட்டு எஞ்சினை அணைத்துவிடுகிறார்கள். எஞ்சின் எரிகிற நேரத்திலோ, சக்கரத்துக்கு வேண்டியதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே உழைக்கவைத்து, மிச்சத்தைப் பேட்டரிக்கு அனுப்புகிறார்கள். எஞ்சின் ஓடினால் ஒழுங்காக ஓடட்டும், இல்லையென்றால் சும்மா கிடக்கட்டும் என்கிற ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டால் எஞ்சினையே வேறு விதமாகச் செய்ய முடிந்தது. 1880-களில் ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயர் யோசித்தது இது: காற்றை அழுத்தும் தூரத்தைவிட, எரிந்த வாயு விரியும் தூரம் அதிகமாக இருந்தால் பெட்ரோலிலிருந்து கூடுதல் வேலை வாங்கலாம். அவர் செய்த எஞ்சினின் தண்டு இணைப்புகள் சிக்கலானவை. இன்று அதே பலனை, உள்ளிழுக்கும் வால்வைத் தாமதமாக மூடி எடுக்கிறார்கள். இப்படிச் செய்தால் ஆரம்ப இழுவை குறையும். தனியாக ஒரு காரில் வைத்தால் "வண்டி இழுக்கவே மாட்டேங்குது" என்று திட்டு வாங்கும். பக்கத்தில் மோட்டார் இருப்பதால் அந்தக் குறை தெரிவதில்லை. 2015-ல் வந்த நான்காம் தலைமுறை ப்ரியஸின் (டொயோட்டாவின் ஹைப்ரிட் கார்) எஞ்சின், சிறந்த நிலையில் பெட்ரோல் சக்தியில் 40 சதவீதத்தை வேலையாக மாற்றும் என்று டொயோட்டா அறிவித்தது.

பெரியப்பா ஒத்துக்கொண்டார். "ஆனா நான் வாங்க மாட்டேன்" என்றும் சொன்னார். அவர் மாதத்துக்கு 300 கிலோமீட்டர் ஓட்டுகிறவர். அந்த முடிவும் சரிதான். காரணம் கீழே வருகிறது.

ஓட்டும்போது உள்ளே என்னதான் நடக்கிறது? கியரே இல்லை என்கிறார்களே?

டொயோட்டாவின் முறையில் வழக்கமான கியர்பாக்ஸ் இல்லை, கிளட்ச் இல்லை, தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் இல்லை. அவற்றுக்குப் பதில், உள்ளங்கைகளை விரித்துப் பிடிக்கிற அளவில் ஒரு பல்சக்கரக் கூட்டம். நடுவில் சூரியன் என்று ஒரு சக்கரம். அதைச் சுற்றிக் கோள்கள். எல்லாவற்றுக்கும் வெளியே உட்பக்கம் பல் வைத்த வளையம். எஞ்சின் கோள்களைத் தாங்கும் சட்டத்தைச் சுற்றுகிறது. வளையம் சக்கரத்தோடும் பெரிய மோட்டாரோடும் இணைந்திருக்கிறது. சூரியனில் சின்ன மோட்டார்.

பழைய ப்ரியஸில் சூரியனுக்கு 30 பல், வளையத்துக்கு 78 பல். அதனால் எஞ்சின் கொடுக்கும் திருகு விசையில் சுமார் 72 சதவீதம் நேராகச் சக்கரத்துக்கும், 28 சதவீதம் சின்ன மோட்டார் வழியாகக் கரண்டாகவும் பிரிகிறது. இந்தப் பங்கு மாறவே மாறாது. மாறுவது வேகம்தான். சின்ன மோட்டாரை எவ்வளவு வேகத்தில் சுற்றவிடுகிறோம் என்பதைப் பொறுத்து எஞ்சின் எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பது முடிவாகிறது. கியர் மாற்றும் வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. எஞ்சினை ஸ்டார்ட் செய்வதும் அதே சின்ன மோட்டார்தான். நான் பார்த்ததிலேயே அழகான இயந்திரங்களில் ஒன்று இது. வருடக்கணக்கில் ஓடினாலும் அதில் போவதற்கு அதிகம் ஒன்றுமில்லை.

ஒரு சங்கடம் உண்டு. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எஞ்சின் உடனே அதிக வேகத்துக்குப் போய் அங்கேயே நின்று மிக்ஸி மாதிரி கத்தும்; வண்டி அதற்குப் பிறகுதான் மெதுவாக வேகம் பிடிக்கும். கோளாறு இல்லை. பழக ஒரு மாதம் ஆகும். என் வீட்டில் இன்னும் பழகவில்லை.

ஹோண்டாவின் வழி வேறு. சிட்டி இ-ஹெச்.இ.வி. காரில் பெரும்பாலான நேரம் எஞ்சின் ஜெனரேட்டரைத்தான் சுற்றும், சக்கரத்தை மோட்டார் சுற்றும். டீசல் ரயில் எஞ்சினும் இப்படித்தான்; அந்த டீசலும் சக்கரத்தைத் தொடுவதில்லை. ஆனால் நெடுஞ்சாலை வேகத்தில் இப்படிச் சுற்றி வளைத்துக் கொடுப்பது வீண் என்பதால், ஹோண்டா அந்த நேரத்தில் ஒரு கிளட்சை மூடி எஞ்சினை நேராகச் சக்கரத்தோடு இணைத்துவிடுகிறது.

மைல்ட் ஹைப்ரிட் என்று விளம்பரம் வருகிறதே, அதுவும் இதுதானா?

இல்லை. அதில் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கிற சின்னக் கருவி) இருக்கிற இடத்தில் கொஞ்சம் பெரிய மோட்டார் ஒன்று பெல்ட்டில் தொங்கும். சிக்னலில் எஞ்சினை அணைத்து எழுப்பும், கிளம்பும்போது லேசாகத் தள்ளிவிடும். கரண்டில் மட்டும் வண்டி ஓடாது. மாருதி 2015-ல் சியாஸில் 'ஸ்மார்ட் ஹைப்ரிட்' என்று கொண்டுவந்தது இந்த வகை. விலை குறைவு, பலனும் குறைவு. ஷோரூமில் 'ஹைப்ரிட்' என்று சொன்னால் "எஞ்சின் அணைந்திருக்கும்போது கார் நகருமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

பேட்டரி ஏன் இவ்வளவு சின்னது? பெரிதாக வைத்தால் இன்னும் மைலேஜ் வராதா?

டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா இரண்டும் ஒரே தொழிற்சாலையில், கர்நாடகத்தின் பிடதியில் உருவாகிற அண்ணன் தம்பிகள். இவற்றின் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் (எஞ்சின் அணைந்திருக்கும்போதும் மோட்டாரில் நகர்கிற வகை) இருக்கிற பேட்டரி 0.76 யூனிட். எலெக்ட்ரிக் காரில் 30, 40 யூனிட் இருக்கும். கேட்டால் ஏமாற்று மாதிரி இருக்கிறது, இல்லையா?

ஆனால் மேலே பார்த்த கணக்கை நினைத்துப் பாருங்கள். ஒரு தடவை 60-லிருந்து நின்றால் மொத்தமாகவே 0.05 யூனிட்தான் கிடைக்கும். இந்தச் சின்னப் பேட்டரி பதினைந்து நிறுத்தங்களின் சரக்கைத் தாங்கும். இது கிடங்கு இல்லை, கடைக்காரரின் கல்லாப்பெட்டி. வருவதும் போவதுமாக இருக்க வேண்டும். பெரிதாக்கினால் எடை கூடும், டிக்கி போகும், விலை ஏறும். சின்னப் பேட்டரிக்கே டிக்கி அடிபடுகிறது: சாதாரண ஹோண்டா சிட்டியின் டிக்கி 506 லிட்டர், ஹைப்ரிட் சிட்டியில் 306. குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவர்கள் வாங்கும் முன் டிக்கியைத் திறந்து பார்ப்பது நல்லது.

பேட்டரி சின்னது என்பது மலைப்பாதையில் நன்றாகத் தெரியும். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குவது ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம். ஆட்களோடு ஒன்றரை டன் எடையுள்ள கார் 200 மீட்டர் இறங்கினாலே, கணக்குப்படி 0.76 யூனிட் பேட்டரி காலியிலிருந்து முழுதாக நிரம்பிவிடும். உண்மையில் பேட்டரியை முழுக்கக் காலி செய்யவோ முழுக்க நிரப்பவோ விடுவதில்லை என்பதால், அதற்கு முன்பே போதும் என்று கை உயர்த்திவிடும். குன்னூர் வருவதற்குள்ளேயே டிஸ்ப்ளேயில் எல்லாக் கட்டங்களும் நிரம்பி நிற்கும். அதற்குப் பிறகு வருகிற சக்தியைப் போட இடமில்லை. அப்போது திடீரென்று எஞ்சின் உறுமும். பெட்ரோல் எரிந்து அல்ல. மிஞ்சிய கரண்டைச் செலவழிக்க மோட்டார் எஞ்சினைச் சும்மா சுற்றுகிறது. பயப்பட வேண்டாம். கியர் லீவரில் 'B' என்று ஒரு நிலை (பார்க்கிங்குக்கான 'P' அல்ல) இருப்பது இதற்குத்தான். இறக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டால் பிரேக் சூடாகாது. சமதளத்தில் அதைப் போட்டு ஓட்டுவதால் ஒரு லாபமும் இல்லை.

ஊருக்குள்ளே நல்ல மைலேஜ், ஹைவேயில் குறைகிறது. என் வண்டியில் ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை. நாலுவழிச் சாலையில் பிரேக் மிதிக்கிற வேலையே குறைவு. மீட்பதற்கு ஒன்றுமில்லை. எஞ்சினும் ஏற்கெனவே நல்ல சுமையில்தான் ஓடுகிறது. ஹைப்ரிட்டின் இரண்டு வித்தைகளுக்கும் அங்கே மேடை கிடையாது.

அங்கே எதிரி காற்று. வேகம் இரட்டிப்பானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். 80-லிருந்து 110-க்குப் போனால் எதிர்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பு. 40-ல் போகும்போது டயரின் உருளல் எதிர்ப்புதான் பெரியது. 80-ல் காற்று அதை முந்திவிடும். 110-ல் மற்றதெல்லாம் ஒரு பக்கம், காற்று ஒரு பக்கம். உளுந்தூர்ப்பேட்டை தாண்டியதும் எல்லோரும் 120-ல் பறக்கிறார்கள், பிறகு மைலேஜ் போதவில்லை என்று என்னிடம் சொல்கிறார்கள். கூரை மேல் கேரியர் வேறு.

அப்படியென்றால் காரின் வடிவத்துக்கும் மைலேஜுக்கும் நேரடி சம்பந்தம் உண்டா? ப்ரியஸ் ஏன் அப்படி ஒரு வடிவம்?

சம்பந்தம் உண்டு, ப்ரியஸின் கதையே அதைச் சொல்லும். 1993-ல் டொயோட்டா 21-ஆம் நூற்றாண்டுக்கு ஒரு கார் என்று வேலையைத் தொடங்கியது. தலைமைப் பொறியாளர் தகேஷி உச்சியமாடா. முதலில் எரிபொருள் சிக்கனத்தில் 50 சதவீத முன்னேற்றம் என்றுதான் யோசித்தார்கள். மேலிடத்திலிருந்து இரண்டு மடங்கு வேண்டும் என்று வந்தது. சாதாரண எஞ்சினை எவ்வளவு இழைத்தாலும் அது நடக்காது என்பதால் ஹைப்ரிட்டுக்குத் தள்ளப்பட்டார்கள். முதல் சோதனை வண்டி 49 நாள் நகரவே இல்லை. கடைசியில் நகர்ந்தபோது 500 மீட்டர் போய் நின்றுவிட்டது. 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அந்த முதல் ப்ரியஸ் பார்ப்பதற்குச் சாதாரணமான சின்ன செடான்தான்.

இன்று 'ப்ரியஸ் வடிவம்' என்று நாம் நினைப்பது 2003-ல் வந்த இரண்டாம் தலைமுறையுடையது. கூரை ஓட்டுநரின் தலைக்கு மேலே உச்சம் தொட்டு, அங்கிருந்து பின்னால் மெதுவாகச் சரிந்து, கடைசியில் கத்தியால் வெட்டியதுபோல் செங்குத்தாக முடியும். காற்றுக்குப் பிடித்தது நீர்த்துளி வடிவம்; முன்னால் உருண்டை, பின்னால் நீண்ட வால். ஆனால் அவ்வளவு நீள வாலை வைத்துக்கொண்டு எந்தத் தெருவில் நிறுத்துவது? 1930-களில் ஜெர்மனியில் வூனிபால்ட் காம் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும், வாலை வேண்டிய இடத்தில் வெட்டிவிட்டாலும் பலன் பெரும்பாலும் கிடைக்கும் என்று கண்டார்கள். ப்ரியஸின் பின்பக்கம் அந்த வெட்டு. காற்று இழுவை எண் (குறையக் குறையக் காற்றின் தடை குறைவு) 0.26. அடுத்த தலைமுறையில் 0.25, அதற்கடுத்து 0.24.

1999-ல் வந்த ஹோண்டா இன்சைட் இன்னும் பிடிவாதக்காரன். இரண்டே சீட். உடம்பு அலுமினியம். எஞ்சின் 995 சிசி, மூன்று சிலிண்டர். பின்சக்கரங்களைப் பாதி மூடி ஒரு பாவாடை. இழுவை எண் 0.25. ஃபோக்ஸ்வாகன் எக்ஸ்.எல்.1 அதற்கும் மேலே போனது: 0.19, எடை 795 கிலோ, பக்கக் கண்ணாடிகள் காற்றைத் தடுக்கும் என்று அவற்றை எடுத்துவிட்டுக் கேமரா. அதிகாரபூர்வ அளவு 100 கிலோமீட்டருக்கு 0.9 லிட்டர் டீசல். ப்ளக் போட்டு ஏற்றிய கரண்டும் அதற்குத் துணை. செய்தது 250 வண்டிதான். குடும்பத்தில் இரண்டு பேருக்கு மேல் இருந்தால் அது ஒரு கண்காட்சிப் பொருள்.

2022 நவம்பரில் வந்த ஐந்தாம் தலைமுறை ப்ரியஸ் அழகான கார். பார்த்ததும் பிடிக்கும். ஆனால் இழுவை எண் 0.27 ஆகப் பின்னால் போய்விட்டது. கூரையை 5 சென்டிமீட்டர் தாழ்த்தி, காற்றில் மோதும் பரப்பைக் குறைத்து ஓரளவு சமாளித்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்த விவரம் சக்கரம்தான். அமெரிக்க அளவீட்டில் அதே காரின் 17 அங்குலச் சக்கர மாடல் கேலனுக்கு 57 மைல், நம் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 24 கிலோமீட்டர். 19 அங்குலச் சக்கரத்தோடு வருகிற மேல் மாடல்கள் 52 மைல், அதாவது 22 கிலோமீட்டர். கூடுதல் வசதிகளின் எடையும் அதில் கொஞ்சம் உண்டு. ஆனாலும் அலாய் வீலை மாற்றிப் பெரிதாக்கிக்கொள்கிற நம் ஆட்கள் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கடைக்குப் போகலாம்.

நம் ஊரில் மக்கள் உயரமான எஸ்.யூ.வி.தான் கேட்கிறார்கள். கம்பெனிகளும் அதையே செய்து, அதற்குள் ஹைப்ரிட்டை வைக்கின்றன. காற்றில் ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டு, சிக்னலில் மிச்சம் பிடிக்கிற கதை.

விளம்பரத்தில் 27.97 என்று போட்டிருக்கிறது. எனக்கு 20, 21தான் வருகிறது. ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண் உங்கள் சாலையில் எடுத்ததும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி, ஏ.சி. போடாமல், குறிப்பிட்ட ஒரு வேக அட்டவணைப்படி இருபது நிமிடத்துக்குள் ஓட்டி எடுப்பது. அதிகபட்ச வேகம் 90. அதில் நிற்பதும் மெல்லக் கிளம்புவதும் நிறைய. ஹைப்ரிட்டுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

இது நம் நாட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவிலும் ப்ரியஸ் வாங்கியவர்கள் இதே புகாரைச் சொன்னார்கள். அங்கே 2008 மாடல் வருடத்திலிருந்து ஏ.சி., அதிக வேகம், குளிர் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும்படி அளவீட்டையே மாற்றினார்கள். அதன்படி இரண்டாம் தலைமுறை ப்ரியஸின் சராசரி 55 மைலிலிருந்து 46-க்கு இறங்கியது. கார் மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது.

உங்கள் எண்ணை நீங்களே எடுங்கள். டேங்கை நிரப்பும்போது பம்ப் தானாக நின்றதும் நிறுத்திவிடுங்கள். பையனிடம் "ரவுண்டா போடுப்பா" என்று சொல்லாதீர்கள். ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்குங்கள். அடுத்த முறை அதே பங்க்கில், முடிந்தால் அதே பம்பில், திரும்ப நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். ஒரு டேங்கை நம்பாதீர்கள், நான்கு ஐந்து டேங்கின் சராசரி வேண்டும்.

கடைசியில் லாபமா இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

நாம் எல்லோரும் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பேசிப் பேசி ஒரு பொறியில் மாட்டிக்கொண்டோம். 10 கொடுக்கிற வண்டி 15 கொடுத்தால் ஆயிரம் கிலோமீட்டருக்கு 33 லிட்டர் மிச்சம். 20 கொடுக்கிற வண்டி 28 கொடுத்தால்? கேட்கும்போது பெரிய பாய்ச்சல். மிச்சம் 14 லிட்டர்தான். அதனால் ஹைப்ரிட்டின் உண்மையான லாபம் ஏற்கெனவே நிறையக் குடிக்கிற பெரிய வண்டியில் இருக்கிறது. பெட்ரோல் இன்னோவா மாதிரி ஏழு பேர் போகிற வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 இறுதியில் அறிமுகமான இன்னோவா ஹைக்ராஸ் ஹைப்ரிட் சான்றிதழ் அளவில் 23.24 காட்டுகிறது. அந்த எடைக்கு இது பெரிய விஷயம். சின்ன ஹேட்ச்பேக்கில் ஹைப்ரிட் வேண்டும் என்று கேட்கிறவர்களிடம், இருக்கிற வண்டியின் டயரில் காற்றைச் சரிபார்க்கச் சொல்லிவிடுகிறேன்.

நடுத்தர எஸ்.யூ.வி.க்கு ஒரு கணக்கு. சாதாரண பெட்ரோல் மாடலைவிட ஹைப்ரிட் இரண்டரை லட்சம் அதிகம் என்று வைப்போம். அது 14, இது 21 கொடுக்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு 24 லிட்டர் மிச்சம். வருடம் 10,000 கிலோமீட்டர் ஓட்டினால் மிச்சம் 24,000 ரூபாய்; போட்ட காசு திரும்பப் பத்து வருடத்துக்கு மேல். வருடம் 25,000 ஓட்டினால் நாலு வருடத்தில் வந்துவிடும். பெரியப்பா வாங்க மாட்டேன் என்றது ஏன் சரி என்பது இப்போது புரியும்.

வரியும் சேர்த்துப் பாருங்கள். பெரிய ஹைப்ரிட்டுகளுக்கு ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்ந்து 43 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22-லிருந்து 40 ஆனது. எலெக்ட்ரிக் காருக்கு 5. ஹைப்ரிட் விலை ஏன் கசக்கிறது என்பதற்கு இந்த வித்தியாசமும் ஒரு காரணம்.

பேட்டரி போய்விட்டால் வண்டியே போய்விட்டதாமே?

இந்தியாவில் டொயோட்டா, மாருதி, ஹோண்டா மூன்றும் ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி தருகின்றன. அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமானால் இலங்கையைப் பார்க்கலாம். அங்கே ஜப்பானில் ஓடிய ப்ரியஸ், அக்வா, ஆக்ஸியோ ஹைப்ரிட்டுகள் தெருவெல்லாம் ஓடுகின்றன. பல வண்டிகளில் திரை இன்னும் ஜப்பானிய மொழியில்தான் பேசும். 2020-ல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025-ல்தான் மீண்டும் கதவு திறந்தது. அத்தனை வருடமும் பழைய ஹைப்ரிட்டுகளையே பழுது பார்த்து ஓட்ட வேண்டியிருந்தது. இரண்டாம் தலைமுறை ப்ரியஸ் பேட்டரி 28 துண்டுகள் கோத்த ஒரு மாலை. பெட்டியைக் கழற்றி, ஒவ்வொரு துண்டாக வோல்ட் பார்த்து, சோர்ந்ததை மட்டும் மாற்றி மூடுகிறார்கள். மலிவான வைத்தியம்தான், ஆனால் மற்ற 27 துண்டுகளுக்கும் அதே வயது என்பதை மறக்கக் கூடாது.

பேட்டரியின் ஆயுளைக் குறைப்பது சூடு. பல மாடல்களில் பின்சீட்டின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஜன்னல் மாதிரி வலை இருக்கும். கேபின் காற்றை இழுத்துப் பேட்டரியைக் குளிர்விக்கிற வழி அது. என் நண்பர் ஒருவரின் வண்டியில் அந்த வலையைக் கழற்றியபோது, உள்ளே வீட்டு நாயின் முடியும் தூசியும் சேர்ந்து கம்பளித் துணி மாதிரி அப்பிக்கொண்டிருந்தது. அதன் மேல் எப்போதும் ஒரு தலையணை வேறு சாத்தி வைத்திருப்பார். சர்வீஸுக்கு விடும்போது அந்த வலையைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சொன்னால்தான் செய்கிறார்கள்.

இன்னொன்று. பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும், கம்ப்யூட்டரை எழுப்புகிற சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால் வண்டி அசையாது. மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டு வந்து சாவியோடு நின்ற அனுபவம் எனக்கு உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் கேபிள் கொண்டுவந்து உதவினார், "இதுக்குத்தான் இவ்ளோ காசு கொடுத்தியா?" என்று கேட்டுக்கொண்டே.

மழை வெள்ளத்தில் ஓட்டினால் ஷாக் அடிக்குமா?

தேங்கிய மழைத் தண்ணீரில் மெதுவாகப் போவதால் அடிக்காது. உயர் வோல்ட் பகுதிகள் மூடியிருக்கும். கசிவு தெரிந்தால் கணினியே பேட்டரியின் இணைப்பைத் துண்டித்துவிடும். ஆனால் 2015, 2023 டிசம்பர்களில் சென்னையில் நடந்ததுபோல் வண்டி மூழ்கிவிட்டால், தண்ணீர் வடிந்த பிறகும் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம். ஆரஞ்சு நிற வயர்களைத் தொடவும் வேண்டாம். எந்த மெக்கானிக் அவசரப்படுத்தினாலும் தூக்கு வண்டியில்தான் கொண்டுபோக வேண்டும். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து கெட்டால் இன்சூரன்ஸில் இழுபறி வரும்.

இ-20 பெட்ரோலில் மைலேஜ் குறைகிறதா?

குறையும். எத்தனாலில் அதே அளவு பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால் மொத்தத்தில் 6, 7 சதவீதம் குறைகிறது. ஹைப்ரிட்டுக்கும் அதே கதிதான்.

எப்படி ஓட்டினால் நல்ல மைலேஜ் வரும்?

சிக்னல் தூரத்தில் சிவப்பாகத் தெரிந்ததுமே பிரேக்கை மெல்லத் தொட்டு, நீளமாக நிறுத்துங்கள். கடைசி நேரத்தில் அழுத்தினால் மோட்டார் பிடிக்கிற அளவைத் தாண்டி, மிச்சத்தை டிஸ்க்தான் தின்னும். கிளம்பும்போது ஆமை மாதிரி ஊர்ந்து, எஞ்சின் எழுந்துவிடக் கூடாது என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். புதிதாக வாங்கிய எல்லோரும் செய்கிற தவறு இது, நானும் செய்தேன். டிஸ்ப்ளேயில் 'இ.வி.' (கரண்டில் மட்டும் ஓடுகிறது) என்று பச்சையாக எரிவதைப் பார்க்கிற ஆசையில் பேட்டரியைத் துடைத்துவிட்டால், அதை நிரப்ப எஞ்சின் பிறகு கூடுதலாக ஓட வேண்டும். சுறுசுறுப்பாக வேகம் பிடித்துவிட்டு, 50-க்கு வந்ததும் காலை லேசாகத் தளர்த்துங்கள். எஞ்சின் தானாக அணையும். டயர் காற்றை மாதம் ஒருமுறை, காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள்.

மே மாதத்தில் ஏ.சி.யை அணைத்து ஓட்டச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஐந்து நிமிடம் ஜன்னலைத் திறந்து சூட்டை வெளியேற்றிவிட்டு ஏ.சி. போட்டால் போதும்.

அப்போ பேசாமல் எலெக்ட்ரிக் வாங்கிவிடலாமா?

சொந்த வீடு, சொந்த நிறுத்துமிடம், தினமும் ஒரே பாதை என்றால் தாராளமாக. ஓட்டுகிற செலவில் ஹைப்ரிட் அதன் பக்கத்தில்கூட வராது. அடுக்குமாடிக் குடியிருப்பில் சார்ஜர் வைக்கச் சங்கம் இன்னும் கூட்டம் போட்டுக்கொண்டிருக்கிறது, மாதம் இரண்டு தடவை திருநெல்வேலிக்குப் போக வேண்டும், வீட்டில் ஒரே கார்தான் என்றால் ஹைப்ரிட். என் நிலைமை இரண்டாவது. எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் அடுத்த கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. சார்ஜர் விவகாரம் இந்தத் தடவையும் பட்டியலில் கடைசியில் இருக்கிறது.